தொண்ணூற்றொன்றாம் திருத்தம்

இரவு பன்னிரண்டு ஐம்பது. மில்பாங்க் சாலை. டிசம்பர் முதல் வாரம், மழை அப்போதுதான் விட்டிருந்தது... ஆற்றோரம் ஒரு டாக்ஸி இல்லை, ஒரு ஆள் இல்லை. பாராளுமன்றத்தில் பிரபுக்கள் உட்காருகிற மேல்சபையின் பக்கவாசல் விளக்கடியில் வால்கோட்டும் வெள்ளை டையுமாக ஒரே ஒருவர் நிற்கிறார். சாலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அவர் பெயர் மால்கம். தபால் அறையில் என் சிநேகிதன் ராய் இருக்கிறானே, அவனுடைய மாமனார். நம்மைப் போலச் சபை வாயில்காப்பாளர்தான், முப்பத்தொரு வருடம். ராயிடம் ஒரே ஒரு தடவைதான் இதைச் சொன்னாராம். ராய் என்னிடம் சொன்னான். இப்போது உங்கள் தலையெழுத்து, என்னிடம் கேட்கிறீர்கள்.

டக்கி, அந்த ஹீட்டரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பு. உள்ளே பிரபுக்கள் இன்னும் பதினைந்தாவது ஷரத்திலேயே நிற்கிறார்கள். நமக்கு வீட்டுக்குப் போகிற யோகம் இன்றைக்கு இல்லை.

லேடி மார்வுட்டை நீங்கள் யாரும் பார்த்ததில்லை. சபை உறுப்பினர், எண்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் மருத்துவமனையில் நர்ஸ், சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்காருகிற வேலை. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. கட்சியும் இல்லை. கட்சி இல்லாதவருக்கு நம் சாப்பாட்டு அறையில் பக்கத்து நாற்காலி எப்போதும் காலிதான், அது உங்களுக்கே தெரியும். தினமும் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தனியாகத் தின்றுவிட்டு, மால்கமிடம் வந்து ஐந்து நிமிடம் பேசுவார். ஒரு நாளில் அவர் பேசுகிற பேச்சே அவ்வளவுதான் என்று மால்கமுக்குத் தோன்றுமாம்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. உள்ளாட்சி மசோதா ஒன்று ஓடிக்கொண்டிருந்த நேரம். அதில் ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். எண் தொண்ணூற்றொன்று. நாதியில்லாமல் செத்தவரை நகராட்சி எரிக்கும்போது, ஒரு மனுஷராவது அங்கே நின்று அவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். மூன்றே வரி. அமைச்சர் இரண்டு தடவை "பார்க்கலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார். இது கடைசிக் கட்டம். இதில் விட்டால் போனதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் லேடி மால்கமிடம் வந்தார்.

"செவ்வாய்க்கிழமை எண்பதாவது திருத்தத்தோட நிறுத்திடுவோம்னு கொறடா சொல்றாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. ராத்திரி நேரத்துல மளமளன்னு ஓட்டிடுவாங்க. எண்பத்தஞ்சு வந்ததும் எனக்கு ஒரு போன் போடு மால்கம். இருபது நிமிஷத்துல வந்துடுவேன்."

"கண்டிப்பா பண்றேன் மேடம்."

"மறந்துடாத. எனக்குச் சொல்றதுக்கு உன்ன விட்டா வேற ஆளு இல்ல."

திங்கட்கிழமை லேடி வரவில்லை. யாரும் கேட்கவில்லை. மால்கமும் கேட்கவில்லை, அதை மறந்துவிடாதீர்கள். ஜலதோஷமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை... கொறடா வாக்கு என்றைக்குப் பலித்தது? எண்பதில் நிற்கவில்லை. பன்னிரண்டே முக்கால் மணிக்கு எண்பத்தைந்து. மால்கம் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து லேடி வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

பேச்சு இல்லை. ரேடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடல் வானிலை வாசிக்கிறார்களே, அந்த நிதானமான குரல்... வடமேற்குக் காற்று, மழை, பார்வை தெளிவு.

"மேடம், மால்கம் பேசறேன். எண்பத்தஞ்சு வந்தாச்சு. கிளம்புங்க."

ரேடியோ நின்றது. யாரோ சட்டென்று அணைத்த மாதிரி.

"வர்றேன்."

மால்கம் வாசலுக்குப் போனார். இருபது நிமிடம் ஆகும், கிழவி இருட்டில் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற கவலை. போய் நின்று இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டக்... டக்... கைத்தடிச் சத்தம். லாம்பெத் பாலத்துப் பக்கத்திலிருந்து வந்தார். வீட்டு அங்கி. காலில் செருப்பு. ரோடெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கிறது... செருப்பு நனையவில்லை.

அவரைத் தாண்டி உள்ளே போனபோது ஒரு வாசம் வந்ததாம். பல நாள் ஜன்னல் திறக்காத அறையின் வாசம். அதற்குள் அழுகின ஆரஞ்சு.

"அந்தச் சபையில பாதிப் பேரு அப்படித்தான் மணக்குறாங்க," என்று டக்கி சொல்கிறான். சிரியுங்கள், சிரியுங்கள். ப்ரெண்டா மட்டும் சிரிக்கவில்லை, பாருங்கள்.

"வீட்டு அங்கியோட உள்ள போறாங்க, வேற யாரும் பாக்கலையாப்பா?"

அங்கேதானே இருக்கிறது விஷயம் ப்ரெண்டா. சபையில் மொத்தம் எட்டுப் பேர். அமைச்சர் கொட்டாவி விடுகிறார். ஒருவர் கண்ணை மூடியே இருக்கிறார். லேடி நேராகப் போய்த் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். யாரும் தலையைத் திருப்பவில்லை. மால்கம் சபையின் எல்லைக் கம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"தொண்ணூற்றொன்று. லேடி மார்வுட்."

லேடி எழுந்தார். தடியை ஊன்றிக்கொண்டு, நிமிர்ந்து. "இந்தத் திருத்தத்தை முன்வைக்கிறேன்," என்றார். மால்கமுக்குத் தெளிவாகக் கேட்டது. தலைமை ஆசனத்தில் இருந்தவர் அந்த இடத்தைப் பார்த்தார். ஒரு நொடி... இரண்டு நொடி... யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

லேடி இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை குரல் நடுங்கியது. பிறகு திரும்பி மால்கமைப் பார்த்தார். அந்தப் பெரிய சபையில் தன்னைப் பார்க்கிற ஒரே ஆளை.

நாம் உள்ளே வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தால்கூட வெளியே போய்த்தான் இரும வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் மால்கம் அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. "அதோ நிக்கிறாங்களே" என்று ஒரு வார்த்தை... போதும். பக்கத்தில் ஒரு பிரபுவின் காதில் ஓதியிருந்தால்கூட அவர் எழுந்து முன்வைத்திருப்பார். மால்கம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முன்வைக்கப்படவில்லை. தொண்ணூற்றிரண்டு."

அவ்வளவுதான். மால்கம் மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது அந்த பெஞ்சில் யாரும் இல்லை.

புதன்கிழமை காலையில் போலீஸ் லேடி வீட்டுக் கதவை உடைத்தது. சனிக்கிழமையே இறந்துவிட்டாராம். போன் நடுக்கூடத்துச் சுவரில்... அவர் படுக்கையில். தலைமாட்டில் ரேடியோ, அணைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், நாலு நாளாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நேற்று நடுராத்திரிதான் நின்றது என்று.

உயில் எழுதி வைத்திருந்தார். நாதியில்லாதவர்களுக்கு நகராட்சி ஒதுக்குகிற காலை ஒன்பது மணி நேரத்திலேயே என்னையும் எரியுங்கள், பூ வேண்டாம், பாட்டு வேண்டாம். கிறிஸ்துமஸ் விடுமுறை. பிரபுக்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மார்ச்சில் பெரிதாக நினைவுக் கூட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்குத் தகனக்கூடத்துச் சிற்றாலயத்தில் மால்கம் ஒருவர்தான். ராய் கூட்டிப்போய் விட்டுவிட்டு, பணியாளோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

மால்கம் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். சபையில் திறக்காத வாயை அங்கே திறந்தார்.

"வினிஃப்ரெட் ஜேன் மார்வுட்."

அழுதுவிட்டாராம் மனுஷர். கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல். சபையில் ஒரு கேள்வியை வைத்ததும் பிரபுக்கள் எல்லாரும் சேர்ந்து தாழ்ந்த குரலில் சொல்வார்களே, நாம் தினமும் கேட்கிறோமே...

"சம்மதம்."

ஒரு குரல் இல்லை. கூடம் நிறைந்த குரல். மால்கம் திரும்பிப் பார்த்தார். பெஞ்செல்லாம் காலி. சுவர் வரைக்கும் காலி.

அப்புறம் அவர் காதுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு... காத்திருந்தார்.

கதவுக்கு வெளியே நின்ற ராய்க்கு இதெல்லாம் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது மாமனார் குரல் மட்டும்தான். முன்பின் கேட்டறியாத பெயர்கள். ஆண் பெயர், பெண் பெயர், போலந்துக்காரர் பெயர், வெறும் "குழந்தை" என்றுகூட இரண்டு தடவை. ஒவ்வொன்றாக, உரக்க, நிதானமாக. அடுத்த சாவுக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ராய் உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்தான்.

மால்கம் நகரவில்லை.

"விடுப்பா. வரிசையில நிறைய பேரு நிக்கிறாங்க..."