கெங்கம்மாவின் வில்லை

சாயங்காலம் ஆறு மணி. எண்ணூர் கழிமுகத்திலிருந்து ரயிலடிக்குப் போகிற மணல் ரோடு. இரண்டு பக்கமும் சவுக்கு... ஆள் அரவமே கிடையாது. ஐம்பத்திரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் சின்னப்பையனுடைய தாய்மாமன் ஜெயவேலுக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். தனியாகத்தான் போகவேண்டும், சொல்லிவிட்டேன்.

ஜெயவேல் மில் தொழிலாளி. வியாசர்பாடியில் ஒற்றை அறை வீடு. அப்பன் செத்தபிறகு அம்மா புளியந்தோப்பில் மகள் வீட்டில் கிடந்தாள், மருமகனிடம் தினம் ஏச்சு வாங்கிக்கொண்டு. அவளைத் தன்னிடம் அழைத்து வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் ஜெயவேலுக்குக் கவலை. பெண்டாட்டி கெங்கம்மா சம்மதிக்கவில்லை. எங்கேயாவது கூட்டிப்போனால் மனசு இளகும் என்று எண்ணூருக்குக் கூட்டிப்போனான். பாவம், புத்தி அவ்வளவுதான்!

அங்கே வேதமாணிக்கம் என்று ஓய்வு பெற்ற வாத்தியார், சேற்றில் மரம் நிற்கிற கண்டல் காட்டுக்குள் நடைபாதை போட்டு வைத்திருந்தார். ஒரு கொட்டகையில் பாடம் செய்த பறவைகள், பாம்புச் சட்டை, நண்டு ஓடு. பொழுது சாய்ந்தால் கடல் ஓதம் ஏறி, பாதை தண்ணீருக்குள் போய்விடும். அதனால் வாசலில் ஒரு பலகை, ஆணி, பித்தளை வில்லைகள். உள்ளே போகிறவர் ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும், திரும்பும்போது மாட்டவேண்டும். ஒரு ஆணி காலியாக இருந்தாலும் காவல்காரர் மாசானம் அரிக்கேன் விளக்கோடு தேடப் போய்விடுவார்.

"எங்கிட்ட ஜோபியா கீது? நீயே வெச்சிக்க" என்று கெங்கம்மா தன் வில்லையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டாள்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் சண்டை வந்தது. "உங்கம்மா உள்ள வந்தா நான் வெளிய பூடுவேன்!" என்று கத்திவிட்டு இடது பக்கம் போனாள். போனவள் வரவில்லை. ஜெயவேல் காத்திருந்து பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தான். அங்கே... தூரத்தில், ரோட்டில், அவளுடைய பச்சைப் புடவை போய்க்கொண்டிருந்தது.

ரோஷக்காரி, வேறு வழியாக வெளியே போய்விட்டாள் என்று நினைத்தான். மில்லிலும் வருகைக்கு இப்படி வில்லை உண்டு; கூட்டாளி வரத் தாமதமானால் அவன் வில்லையையும் சேர்த்து மாட்டுவது பழக்கம். கை தானாகப் போயிற்று. இரண்டையும் மாட்டினான்.

"சம்சாரம் எங்க?" என்றார் மாசானம்.

"அதோ போய்க்கினு கீறா பாரு!"

மாசானம் ரோட்டைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். நிறைந்திருந்தது. கேட்டைப் பூட்டினார்.

ஜெயவேல் பின்னாலேயே ஓடினான். காய்ந்த மணல்... ஆனால் அவள் காலடியில் சளக்... சளக்... என்று சத்தம். சேற்று நாற்றம் வேறு. சேற்றில் இறங்கிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டான். "கெங்கா!" என்றான். நின்றாள். திரும்பவில்லை.

"உங்கம்மாவ இட்டாந்துரு மாமா. இன்னிக்கே."

ஐயோ, அவனுக்கு அழுகையே வந்துவிட்டது! பேசின் பிரிட்ஜில் ரயிலை விட்டு இறங்கி, அவள் முன்னால் வீட்டுக்குப் போக, இவன் நேரே புளியந்தோப்பு. அம்மாவை மூட்டையும் முடிச்சுமாக அழைத்துவந்து சேர்த்துவிட்டான். படுத்த பிறகு இருட்டில் அம்மா பேசுவது கேட்டது. "கால அமுக்குனது போதும்மா, தூங்கு. கை இன்னா இப்டி ஜில்லுனு கீது?" மாமியாரும் மருமகளும் ராசியாகிவிட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கிப் போனான்.

காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு யாரோ வந்தார்கள். கழுத்துவரை சேறு. கிழிந்த பச்சைப் புடவை. முழங்காலெல்லாம் ரத்தம்.

கெங்கம்மா.

"யோவ், பேமானி! ராத்திரி பூரா மரத்தப் புட்ச்சிக்கினு தொங்குனேன்யா! தொண்ட கிழியக் கத்துனேன், ஒர்த்தனும் வர்ல. தண்ணி எறங்குனப்புறம் கேட்டு ஏறிக் குதிச்சி மொத வண்டில வரேன். பலகைல என் வில்ல தொங்குது! உயிரோட கீறவள விட்டுட்டு எப்டிய்யா மாட்டுன?"

இந்த ஏச்சு அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. குடம் வழிந்து காலில் ஊற்றியது, ஜெயவேலுக்கு உறைக்கவில்லை. மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பினான். பத்தடிதான்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம். உள்ளேயிருந்து அம்மாவின் தூக்கக் குரல்...

"இன்னாத்துக்கும்மா தாப்பா போட்ற? எம்புள்ள வெளிய கீறானே..."