காது குத்தி வாங்கின காரு

என் காதையே பாத்துக்கிட்டு வாரீங்களே இன்ஸ்பெக்டர் சார், ரோட்டப் பாருங்க. அட, ரோட்ட நான்தான் பாக்கணும்ல, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தா எரும நிக்கிது, ஆரன் அடிச்சாச்சு, கைய நீட்டி சிக்னலும் காட்டியாச்சு. எரும மதிக்கலைன்னா அதுக்கு எனக்கு மார்க்கக் கொறச்சுராதீங்க.

கடுக்கன் புதுசுதான் சார். இந்த வருசம்தான் காது குத்துனாங்க. சிரிங்க, பரவால்ல. நாப்பத்தெட்டு வயசுல எவனும் குத்திக்க மாட்டான், நான் குத்திக்கிட்டேன். எல்லாம் இந்தக் காருக்காகத்தான்.

எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனச்சுராதீங்க. ராசா ஆண்ட சமஸ்தான காலத்துலயே லைசென்சு வச்சிருந்தவன் இந்தக் கண்ணுசாமி. காலையில ஒங்க கிளார்க்குகிட்ட அதத்தான் நீட்டுனேன். சமஸ்தானமே போயிருச்சு, இத வச்சு விசிறிக்கன்னுட்டாரு. அடிக்கிற வெயிலுக்கு அதுவும் நல்ல யோசனதான். சமஸ்தானம் போன மறு வருசம் ஸ்டியரிங்க விட்டவன், இந்த வருசம்தான் திரும்பத் தொடுறேன். ஏன் விட்டேனா? அது கெடக்கட்டும் சார். கறம்பக்குடியில சோடாக் கடை போட்டேன். இத்தன வருசமும் கட்ட வெரலால கோலிய அமுக்கி அமுக்கி, இப்ப ஆரன அமுக்குனாலும் கொஞ்சம் பலமாத்தான் விழுகுது. அதான் எரும முறைக்கிது.

கியரு அப்பிடித்தான் கொஞ்சம் கத்தும், பயப்படாதீங்க.

யாரு, அந்த வேப்ப மரத்தடியில சாக்க விரிச்சு உக்காந்துருக்கவளா? என் வீட்டுக்காரி, செவந்தி. நான் பாஸாகுறத பாக்கணும்னு வந்துருக்கா. உருவம் கொஞ்சம் பெருசுதான். நல்லா சாப்புடுவா சார். ஒவ்வொரு ரவுண்டுக்கும் அங்கிட்டே பாக்குறேனா? கட்டுனவளப் பாக்குறதுக்கு எந்தச் சட்டத்துல சார் தப்பு?

காரு கதையக் கேளுங்க. காரைக்குடியில ஒரு செட்டியார் வீட்டுல சும்மா கெடந்துச்சு இது. பாதிப் பணம் குடுத்தா மீதிக்கு பைனான்ஸ் போட்டுக்கலாம்னு ஒரு புரோக்கரு சொன்னான். திருச்சிக்குப் போனேன். அங்க ஒருத்தரு, ஒங்கள மாதிரியே மூக்குக் கண்ணாடி, ஒனக்கு என்னய்யா சொத்து இருக்குன்னாரு. மொய் இருக்குங்கன்னேன். மொய்யா, அது எந்த ஊரு நிலம்னு கேக்குறாரு! அவரு நம்ம பக்கத்து ஆளு இல்ல பாவம். நாங்க ரெண்டு பேரும் கலியாணமான நாள்லேருந்து மொய் எழுதாத வீடு இல்ல சார். ஊருல எவன் வீட்டுல காது குத்து, சடங்கு, கலியாணம்னாலும் மொத ஆளா போய் எழுதிருவோம். திரும்ப வாங்குறதுக்கு எங்க வீட்டுல ஒரு விசேசம் வேணும்ல? புள்ளகுட்டி இல்லாத வீடு. விசேசத்துக்கு எங்க போறது? குடுத்ததெல்லாம் ஊரு பூரா கெடக்கு, சும்மா போய் திருப்பித் தாடான்னு கேக்க முடியுமா? மானம் போயிரும்.

ஒரு நா சவரம் பண்ணுறப்ப கண்ணாடியில பாக்குறேன், காது ரெண்டும் மொழுக்குன்னு இருக்கு. எங்கப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கயிலயே செத்துட்டாரு, அந்தக் கொழப்பத்துல எனக்குக் குத்தாமயே விட்டுட்டாங்க. அடிச்சது யோகம்! அன்னைக்கே போய் பத்திரிகை அடிச்சேன். கண்ணுசாமிக்குக் காதணி விழா. குடுக்கப் போன எடத்துலெல்லாம், எந்தப் புள்ளைக்கிய்யா, தத்து எடுத்தியான்னு கேக்குறாங்க. எனக்குத்தான்னேன். ஒரு கெழவி வெத்தலையத் துப்பிட்டுச் சிரிச்சா.

கெடா வெட்டி, பந்தல் போட்டு, மொட்டையும் அடிச்சாச்சு. தாய்மாமன் மடியில உக்காந்துதானே காது குத்தணும்? என் மாமா சேவுகனுக்கு எழுவத்தஞ்சு வயசு, ஊதுனா பறந்துருவாரு. நான் இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அவரு மடியில உக்காருறேன். அடேய், கொன்னுறாதடான்னு கத்துறாரு மனுசன். ரெண்டு பேரு அவருக்கு முதுகுல முட்டுக் குடுத்தாங்க. ஆசாரி ஊசிய எடுத்ததும் நான் நெசமாவே அழுதுட்டேன். செவந்தி ஓடியாந்து வாயில சக்கரையப் போட்டா. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. ஆனா ஒருத்தர் பாக்கி இல்லாம மொய் எழுதுனாங்க சார், சேத்தும் எழுதுனாங்க. அப்பிடித்தான் செட்டியாருக்குப் பாதி போச்சு, மீதிக்கு பைனான்ஸ்காரரும் ஒத்துக்கிட்டாரு.

பின்னாடியா? இந்தா எடுக்குறேன் சார். அய்யய்யோ. எல்லைக்கு வச்சிருந்த டின்னு காத்துக்கு விழுந்துருச்சு சார். காத்தே இல்லையா? அப்ப நான்தான் இடிச்சிருப்பேன்.

என்ன சார், அடுத்த மாசம் வரணுமா? அப்பிடிச் சொல்லாதீங்க. இன்னொரு ரவுண்டு பாருங்க, பூ மாதிரி எடுக்குறேன். எனக்கு இன்னைக்கே லைசென்சு வேணும். நாளைக்கின்னா கூட வேணாம். கால்ல விழுகச் சொன்னா விழுகுறேன், வண்டிய நிறுத்திட்டு.

சொல்லுறேன் சார், ஏன் ஸ்டியரிங்க விட்டேன்னு கேட்டீங்கள்ல. ஒரு மிராசுதாருகிட்ட ஓட்டிக்கிட்டு இருந்தேன். செவந்திக்கு அப்ப மொதப் பிரசவம். வலி கண்டுருச்சுன்னு ஆளு வந்து சொல்றான். காரு செட்டுல நிக்கிது, சாவி என் இடுப்புல கெடக்கு. ஒரு நட எடுத்துக்கிறேன் மொதலாளின்னேன். ஒன் பொண்டாட்டி ஏறவா கார வாங்கிப் போட்டேன், மாட்டு வண்டியில கொண்டு போன்னுட்டாரு. ஆலங்குடி தாண்டல சார், புள்ள வண்டியிலயே போயிருச்சு. பொம்பளப் புள்ள. தலை நெறைய முடி. சாவிய அவரு மேசையில வச்சுட்டு வந்தவன்தான். இனிமே தொட்டா என் சொந்தக் காரத்தான் தொடுவேன்னு இருந்தேன்.

செவந்தி உருவம் பெருசுன்னு சொன்னேன்ல. அது சாப்பாட்டால இல்ல சார். ஒம்பது மாசம். ஊருக்குள்ள மூச்சு விடல. நாப்பது வயசுல கூச்சம் அவளுக்கு, கண்ணு பட்டுருமேன்னு பயம் எனக்கு. அது பொறந்து, அதுக்குக் காது குத்தி, அந்த மொய்யில காரு வாங்குனா, பிரசவத்துக்கு எதுல ஏத்துறது? அதான் புள்ளைக்கு முந்தி அப்பன் குத்திக்கிட்டேன். பாத்துக்கிட்டு இருக்குற டாக்டரம்மா இன்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க. லைசென்ச வாங்கிட்டு நானே கொண்டு போய் எறக்கலாம்னு கூட்டியாந்தேன். வலி வந்தா முந்தானைய ஆட்டுன்னும் சொல்லிட்டுத்தான் வண்டியில ஏறுனேன்.

அந்தா, ஆட்டுறா பாருங்க.

நில்லுங்க, எங்க எறங்குறீங்க? எல் போர்டு வண்டியில லைசென்சு உள்ள ஆளு பக்கத்துல இருக்கணும்னு நீங்கதானே காலையில சொன்னீங்க? கூட வந்த டிரைவரு நாகராசு டீ குடிக்கப் போனவன் இன்னும் வரல. இப்போதைக்கு நீங்கதான் சார் இருக்கீங்க. ஆஸ்பத்திரி கிட்டத்துலதான், எரும கூடக் குறுக்க வராது.

செவந்தி, எந்திரிக்காத, மரத்துக்கிட்டயே வாரேன். சார், அந்தப் பின் கதவ மட்டும் கொஞ்சம் தொறந்து விடுங்க. புள்ள காது குத்துக்கு ஒங்களுக்குப் பத்திரிகை உண்டு. மொய்யெல்லாம் வேணாம், அந்த லைசென்சுல கையெழுத்தப் போட்டுக் கொண்டாந்தாப் போதும்.