பூட்டிய தொட்டி

இரவு மணி பன்னிரண்டேகால். தெருவிளக்குகள் முடிந்த பிறகும் நீண்டு போகும் ஒரு மண்பாதை. அதன் கடைசியில் எதிரெதிராக இரண்டே வீடுகள். ஒரு வீட்டின் சன்னலுக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மனிதர் தம் தண்ணீர்த் தொட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. மின்வேலை செய்பவர். எதையும் அளக்காமல் விடமாட்டார் என்பதால் எல்லோரும் அவரை ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் கிடையாது. கூரையில் விழும் மழைதான். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவி வெளியே போகும். அடுத்த மழையிலிருந்து நிலத்தடித் தொட்டியில் இறங்கும். தினமும் காலையில் மூங்கில் குச்சியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மனைவிக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்வரை இருக்கிற தண்ணீர் வந்தாக வேண்டும். கத்தரிச் செடிகளைக்கூடக் கருக விட்டுவிட்டார்.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸம்மா. தனி ஆள். அவருடைய தொட்டியில் வெடிப்பு விழுந்து தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு நாள் நெளிந்த வாளி ஒன்றோடு வந்தார்.

“தம்பி, தினம் ஒரே ஒரு வாளி குடுத்தா போதும்ப்பா. குடிக்க, சமைக்க.”

“எனக்கே இழுபறியா இருக்கு நர்ஸம்மா. வேற எங்கயாவது பாருங்க.”

அவர் வெறும் வாளியோடு திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் காலை, குச்சியில் ஈரம் ஒரு விரற்கடை கூடுதலாகக் குறைந்திருந்தது. கணக்குப் போட்டார். சரியாக ஒரு வாளி.

“நேத்து தண்ணி அதிகமா எடுத்தியா?”

“ஆமா, உள்ள இறங்கி நீச்சல் அடிச்சேன். வயித்தப் பாத்தா தெரியல?” என்றாள் மனைவி.

மறுநாளும் ஒரு வாளி. தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுநாளும் ஒரு வாளி. கொத்தனார் வந்து சுற்றிலும் தட்டிப் பார்த்தார்.

“தொட்டி கல்லு மாதிரி இருக்கு மீட்டரே. உங்க சந்தேகந்தான் ஒழுகுது.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் எதிர்வீட்டின் மேலேயே இருந்தது. அன்று இரவு மூடியைச் சுற்றிச் சாம்பல் தூவினார். காலையில் அதில் வெறுங்கால் தடங்கள். தொட்டியிலிருந்து எதிர்வீட்டை நோக்கிப் போயிருந்தன... போனவை மட்டும். வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

அதனால்தான் அந்தச் சன்னல் காவல்.

பன்னிரண்டேகால் தாண்டியது. பூட்டு அசையவில்லை. மூடிக்கு அடியில் மட்டும்... குபுக். வாளி முங்கும் சத்தம். மாதக்கணக்கில் மழை காணாத இடத்தில் ஈரமண் வாசனை. பிறகு... சொட். சொட். யாரும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில், புழுதியில் கரிய துளிகள் ஒவ்வொன்றாக விழுந்தபடி பாதையைக் கடந்தன.

அவருக்குப் பயத்தைவிடச் சந்தேகம் பெரிது. பின்னாலேயே போனார். நர்ஸம்மா வீட்டு வாசற்படியில் அந்த நெளிந்த வாளி. நிறையத் தண்ணீர்... இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது.

கதவைப் படபடவென்று தட்டினார். வெகுநேரம் கழித்துத் திறந்தது. நர்ஸம்மா காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வா தம்பி. அன்னைக்கு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னியே தவிர, ராத்திரி ராத்திரி யாருக்கும் தெரியாம கொண்டாந்து வைக்கிற. எந்திரிக்கவே முடியலப்பா. இந்தத் தண்ணி இல்லேன்னா என்னைக்கோ போய்ச் சேந்திருப்பேன். உன் பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு தினம் சாமிகிட்ட கேக்குறேன்.”

மீட்டர் வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வந்துவிட்டார்.

நம் கை மூடிக்கொண்டால் கடவுள் வேறொரு கையைத் தேடிக்கொள்வார் என்று நம்புகிறவன் நான். அது யார் கை என்று மட்டும்... இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் இரவு அவரே பூட்டைத் திறந்தார். தம் வாளியில் விளிம்புவரை மொண்டார். மனைவி வாசலில் விளக்குப் பிடித்தாள். இனி தினமும் தாமே கொண்டுபோவது என்று முடிவு.

பாதி வழியில் வாளியின் கனம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. ஓட்டை விழுந்துவிட்டதோ என்று டார்ச்சை அடித்துப் பார்த்தார். தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. ஆனால் பிடியில், அவர் விரல்களை ஒட்டி, ஏதோ ஈரமாக... ஜில்லென்று.

நடையை நிறுத்தினார்.

வாளி நிற்கவில்லை.