முன்னுரை எழுதாதவன்

ஜாபஸ்: மனுச குலம் நாசமாப் போனதே முன்னுரையாலதான், அகல்யா. இத நான் ரொம்பப் பொறுப்போட சொல்றேன்.

அகல்யா: ட்ரெயினே காலியா கீது. தள்ளி உக்காந்து சொல்லு. என் கட்டுரை கசங்குது.

ஜாபஸ்: ரெண்டு நாவல ஒப்பிடச் சொன்னாங்க. ஒப்பிட்டாச்சு. அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் வரவேற்புரை, பின்னாடி ஒரு பக்கம் நன்றியுரை... இது கட்டுரையா, காலேஜ் ஆண்டு விழாவா?

அகல்யா: ரெண்டும் இருந்தாத்தான் உலகநாதன் சார் வாங்குவாரு. இன்னிக்கு பதினோரு மணியோட சரி. இல்லன்னா இன்டர்னல்ல முட்டை.

ஜாபஸ்: பயந்தவங்க எழுதட்டும். நான் நேத்தே குடுத்துட்டேன். முன்னுரை இல்ல, முடிவுரை இல்ல. நேரா விஷயம்.

அகல்யா: நெசமாவா? சாரு இன்னா சொன்னாரு?

ஜாபஸ்: முழுசாப் படிச்சாரு.

அகல்யா: படிச்சுட்டு?

ஜாபஸ்: மூக்குக் கண்ணாடியக் கழட்டினாரு... அத வுடு. உன்னுது இன்னா, ‘உலகம் தோன்றிய நாள் முதல்’ தானே?

அகல்யா: அது போன வருஷத்து சீனியர் எழுதுனது. கிளாஸ்ல பாதிப் பேரு அதத்தான் எழுதிகினு வராங்க. சிம்ரன் அதுல கீற பழைய நாவல் பேரக் கூட மாத்தல.

ஜாபஸ்: அப்போ நீ?

அகல்யா: கேளு. ‘இரண்டு நாவல்களிலும் ஏரி நிரம்புகிறது. தமிழ் நாவலில் ஊர் கொண்டாடுகிறது. மலையாள நாவலில் ஊர் காலி செய்கிறது. ஏன்?’ அவ்ளோதான் முன்னுரை.

ஜாபஸ்: இரு, பைய மடில வெச்சுக்கறேன்.

அகல்யா: பை கெடக்கட்டும். எப்டி கீது, சொல்லு.

ஜாபஸ்: சகிக்கல. முடிவுரை?

அகல்யா: ‘ஏரி செய்தது ஒன்றுதான். முதல் ஊரில் கரைக்கு வெளியே வயல் இருந்தது. இரண்டாவது ஊரில் கரைக்குள்ளேயே வீடு இருந்தது. தனித்தனியாகப் படித்தபோது இது தெரியவில்லை.’

ஜாபஸ்: எங்கருந்து சுட்ட?

அகல்யா: வெள்ளானூர்ல எங்க ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அப்போ தோணுச்சு.

ஜாபஸ்: இதுவும் சகிக்கல. எங்க, இன்னொரு வாட்டி படி. சிரிக்கணும்.

அகல்யா: ‘ஏரி செய்தது ஒன்றுதான். முதல் ஊரில்...’

ஜாபஸ்: மெதுவா, மெதுவா. ட்ரெயின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

அகல்யா: ட்ரெயின் அண்ணனூர்ல நின்னுகினு கீது, ஜாபஸ். பைக்குப் பின்னால இன்னா எழுதுற?

ஜாபஸ்: சும்மா...

அகல்யா: சாரு திருப்பிக் குடுத்துட்டாரா?

ஜாபஸ்: ‘கரைக்குள்ளேயே வீடு இருந்தது’... அப்புறம் இன்னா?