அழிந்துபோன முகங்கள்

“ஒரு ஃபேக்டரியில ஒருத்தருக்கும் முகமில்லாமப் பண்ணிட்டேன்மா” என்று தமிழில் ஒரு குரல் கேட்டதும் பேப்பரைத் தாழ்த்தினேன். லோனாவ்லா லோக்கல் ரயில் கட்கி ஸ்டேஷனைத் தாண்டியிருந்தது. எதிர் சீட்டில் மடியில் கேமராவோடு ஒருவர், பக்கத்தில் அவர் ஆபீஸ் பெண்.

“என்ன சார் ஆச்சு?”

“தளேகாவ் ஃபேக்டரி கேட் பாஸ் போட்டோவெல்லாம் புரோகிராம் இருக்கிற யுஎஸ்ஆர் ஃபோல்டர்லயே வெச்சிருந்தேன்ல? நேத்து புது வெர்ஷன் போட, பழைய ஃபோல்டரை அப்படியே அழிச்சேன். போட்டோ ஞாபகமே வரல. பேக்கப்பும் இல்ல. இப்ப எல்லாரையும் நிக்க வெச்சு மறுபடி எடுக்கணும்.”

“வேணாம் சார். போட்டோ பத்திரமா இருக்கு. போன மாசமே, டேட்டாவுக்குன்னு தனியா இருக்கிற வார் ஃபோல்டருக்கு மாத்திட்டேன். பழைய இடத்துல, புது இடத்தைக் காட்டுற வெறும் லிங்க்தான் இருந்துச்சு. நீங்க அழிச்சது அதைத்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மாத்தாதேன்னு சொன்னேனே?”

“சொன்னீங்க. புரோகிராம் போனா திரும்பப் போட்டுக்கலாம், ஜனங்க குடுத்தது போனா போனதுதான்னு நானும் சொன்னேன்.”

“மாத்தினதையாவது சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொல்லியிருந்தா அன்னிக்கே பழைய இடத்துல கொண்டுபோய் வெச்சிருப்பீங்க சார்.”

ரயில் சிஞ்ச்வட்டில் நின்றது. அவர் மெதுவாகக் கேட்டார்.

“வேற என்னெல்லாம் மாத்தி வெச்சிருக்கே?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சரி, சொல்லாதே. இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்” என்று கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, டிபன் டப்பாவை வெளியே எடுத்தார்.