ஹின்கா மரத்துக்கு நோய் வராது

உக்காருங்க தம்பி, முதல்ல காப்பியைக் குடிங்க. மரம் எங்கயும் ஓடிடாது. அந்தப் பெயிண்ட் டப்பாவை மட்டும் கீழ வெச்சிடுங்க, மேசைத்துணி புதுசு. ஒரு பிஸ்கட் எடுத்துக்கோங்க. ஒண்ணுதான். ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட்டு, எடுத்ததும் டப்பாவை மூடிடணும், எங்க மாமியார் போட்ட சட்டம். உங்க வீட்டுலயும் அப்படித்தானா? அப்போ நீங்க அசல் ஃப்ரீஸ்லாந்துப் பிள்ளைதான்.

ஆமா, கால்வாய்க்கரையில நிக்கிற அந்த எல்ம் மரம்தான். வாடல் நோய்னு யாரோ நகராட்சிக்கு போன் பண்ணிச் சொன்னாங்களாக்கும். எங்க வீட்டுக்காரர் கெர்பன் காதுல விழாம பேசுங்க. அது அவர் உண்டாக்கின ரகம். ஹின்கா மரத்துக்கு நோய் வராதுன்னு கெர்பன் பேசாத மேடை இந்த மாகாணத்துலயே இல்ல. ஹின்கா யாரா? நான்தான். பொண்டாட்டி பேரை ரோஜாப்பூவுக்கு வைக்கிறவன் இருக்கான். எனக்கு வாய்ச்சவர், எவ்வளவு விஷம் ஏத்தினாலும் சாகாத மரத்துக்கு வெச்சார். எங்கம்மாகூட ஒரே வீட்டுல இருந்தும் நிமிர்ந்து நின்னியே, அதான்னு காரணம் வேற.

விஷம்னு சும்மா சொல்லல தம்பி. இமயமலைப் பக்கத்து எல்மையும் நம்ம ஊர் எல்மையும் சேர்த்து விதை எடுப்பார். கன்னு ஆளுயரம் வந்ததும், அந்த நோய்ப் பூஞ்சையை அவர் கையாலயே ஊசி போட்டு ஏத்துவார். கைக்குழந்தைக்கு மருந்து குடுக்கிற மாதிரி, அவ்வளவு பதமா. அப்புறம் எது வாடுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பார். வாடினது அடுப்புக்கு. மாப்பிள்ளை பாத்த லட்சணமும் அதேதான். பொண்ணு கூட்டிட்டு வர்ற பையனைப் பொறந்தநாள் அன்னைக்கு, வட்டமா போட்ட நாற்காலியில, என் நாத்தனாருங்களுக்கு நடுவுல உக்கார வெச்சிடுவார். எவன் வாடுறான்னு பாப்பார். மூணாவதா வந்தவன் வாடல. அவன்தான் இப்போ மாப்பிள்ளை.

வேலிக்கு அந்தாண்ட ஒருத்தர், உங்களைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாரே, அவர் வீகர். அவர் வாசல்லயும் ஒரு எல்ம் இருந்துச்சு. பழைய ரகம், அவங்கப்பா நட்டது. ஒரு ஜூன் மாசம் உச்சியில ஒரே ஒரு கிளை மஞ்சளாச்சு. வெயிலாத்தான் இருக்கும், ஒரு வாரம் பொறு கெர்பன்னு கெஞ்சினார் மனுஷன். இவரா பொறுப்பார்? குச்சியை வெட்டிக் காட்டினார், வெட்டின இடத்துல பழுப்புப் புள்ளி, வளையமா. இன்னைக்கு இந்த மரம், நாளைக்கு வண்டு நோயைத் தெரு முழுக்கத் தூக்கிட்டுப் போகும்னு அன்னைக்கே நகராட்சிக்கு போன் பண்ணிட்டார். மரம் போச்சு. விறகுக்கு ஒரு கட்டையைக்கூட வெச்சுக்க விடல, பட்டைக்குள்ள வண்டு முட்டை வைக்குமாம். இவர் சொன்னதுல தப்பே கிடையாது தம்பி. தப்பா இருந்திருந்தா வீகர் எப்பவோ மன்னிச்சிருப்பார்.

எங்க மரத்துல மஞ்சள் கிளையே காணோமா? எப்படிக் காணும். சைக்கிள் கொட்டகையில ஏணி சாத்தியிருக்கு, பாத்தீங்களா? இவருக்கு எழுபத்தெட்டு வயசு. தெரு முழிக்கிறதுக்குள்ள மேல ஏறி, மஞ்சளானதையெல்லாம் கத்தரிச்சு, கோட்டுப் பையில திணிச்சுக்கிட்டு இறங்குறார். கண்ணாடி முன்னாடி நின்னு நரைமுடி பிடுங்குற மாதிரி. நான் தூங்குறேன்னு நினைப்பு. கோட்டைத் துவைக்க எடுத்தேன், பையில ஒரு குச்சி. காய் வெட்டுற கத்தியால சீவிப் பாத்தேன். பழுப்புப் புள்ளி, வளையமா. இவரோட குடித்தனம் பண்ணிட்டு அதுகூடத் தெரியாதா எனக்கு.

பூஞ்சையும் பள்ளிக்கூடம் போகுது போல, புதுசா எதையோ கத்துக்கிட்டு வந்திருக்கு. நான் அப்பவே சொன்னேன், நோய் வராதுன்னு எழுதாதீங்க, லேசுல வராதுன்னு எழுதுங்கன்னு. மரத்துல மாட்டுற பேர்ப்பலகையில இடம் இல்லையாம்.

போன வாரம் கால் வழுக்கிடுச்சு. கிளையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறார். நான் ஜன்னல்லேர்ந்து ஓடுறதுக்குள்ள ஏணியை ஒருத்தர் வந்து பிடிச்சிட்டார். வீகர். ராத்திரி உடுப்போட, மரச்செருப்போட. இவர் இறங்கினதும் போயிட்டார். மறுநாளும் வந்து பிடிச்சார். ரெண்டு கிழமும் சேர்ந்துக்கிட்டு நோயை மறைச்சு, தெருவுல ஒரு மரத்தை மிச்சம் வைக்காதுங்க போலிருக்கு.

மாடியில திரை அசையுதா? அவர்தான். பெயிண்ட் டப்பாவைப் பாத்திருப்பார். இப்போ இறங்கி வந்து, யார் சொன்னதுன்னுதான் முதல்ல கேப்பார். சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு விதி, தெரியும். சொல்லலேன்னா வீகர்னு நினைச்சுக்குவார். ஏணி பிடிச்ச கைக்கு அந்தக் கூலி வேண்டாம். அவர் முடி வெட்டப் போயிருந்த நேரம் பாத்து, இதோ இந்த போன்லேர்ந்துதான் பண்ணினேன். பேர் சொல்ல மாட்டேன்னு வெச்சிட்டேன். நானே சொல்லிக்கிறேன், நீங்க வாயைத் திறக்க வேண்டாம்.

போய், வெட்டுற மரம்னு பெயிண்ட்டுல வளையத்தைப் போடுங்க. நேரா போடுங்க தம்பி, கோணலா இருந்தா அவருக்குப் பிடிக்காது. இந்தாங்க, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோங்க. டப்பா திறந்துதான் இருக்கு. அவருக்கும் இன்னைக்கு ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்.