நீர்ச் சமநிலை ஏற்பாடு

ஐயா, உங்கள் விசாரணைக் கந்தோரில் பிளேன்ரீ நன்றாகப் போடுகிறார்கள். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள் போல. கேட்கக் கூப்பிட்டதைக் கேளுங்கள், ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கள் எம்.பி.க்குப் பேச்சு எழுதிக் கொடுப்பதும், காரில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பதும்தான் என் வேலை. அரிசிக் கூப்பனை வெட்டியபோது ‘பங்கீடு சீராக்கப்பட்டது’ என்று எழுதினேன். கல்முனைச் சந்தையில் சனம் கை தட்டியது. உள்ளூர்த் தேர்தலில் எங்கள் ஆள் தோற்றபோது ‘வெற்றி சற்றுத் தள்ளிப் போயிருக்கிறது’ என்றேன். இரண்டு பேர் பட்டாசும் கொளுத்தினார்கள். கெட்ட செய்தியைக் கேட்டுவிட்டும் ஆட்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டாமா?

எண்பதாம் ஆண்டு மாரியில் ஆறு பெருகி மேல்வட்டை வயல்வெளிக்குள் ஏறப் பார்த்தது. அங்கே எம்.பி.யின் வயலும் அவருடைய ஆட்களின் வயலும் கிடந்தன. கீழ்வட்டைப் பக்க மண் அணைக்கட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் அந்தப் பக்கம் இறங்கிவிடும். கீழ்வட்டையில் பயிரைப் பன்றியும் யானையும் தின்னாமல் காவல் காக்க, ஏழைக் குடும்பங்கள் வாடிக் குடிசை கட்டி இருந்தன. கட்டு வெட்டுவதானால் முதலில் வாடி வாடியாகப் போய் எழுப்பிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“அப்பிடிச் சொன்னா மம்பட்டியோட வந்து கட்டுல குந்திருவானுகள், தம்பி” என்றார் எம்.பி. “சொன்ன மாதிரியும் இரிக்கணும், சொல்லாத மாதிரியும் இரிக்கணும்.”

அதற்குத்தானே என்னை வைத்திருந்தார். மழைக்குள் காரை எடுத்துக்கொண்டு போய் அறிவித்தேன்: ‘இன்று அஸர் தொழுகைக்குப் பின்னர் நீர்ச் சமநிலை ஏற்பாடு நடைபெறவிருப்பதால், தாழ்நிலப் பொதுமக்கள் பூரண ஒத்துழைப்பு வழங்குமாறு அன்புடன் வேண்டப்படுகிறார்கள்.’ நல்ல வசனம், இல்லையா? எங்கும் முட்டாமல் போகிறது.

காவல்காரர் மீராசா காக்கா, எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை, தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு வரம்பால் ஓடிவந்து காரை மறித்தார். பின்னால் அவர் மனைவி சுஹறா, இடுப்பில் பிள்ளையோடு.

“தம்பி, நாங்க போறதா, இரிக்கிறதா? ஒரு சொல்லாச் சொல்லுங்க.”

“நிலைமைக்கேற்ப நடந்துகொள்ளுங்க, காக்கா. பயப்பட ஒண்டுமில்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு, மூவரும் வாடிக்குத் திரும்பிப் போனார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றது மட்டும் கொஞ்சம் தெளிவாக அமைந்துவிட்டது. அதை என் பிழையென்று எழுதிக்கொள்ளுங்கள்.

அஸருக்குப் பின் கட்டை வெட்டினார்கள். வாடிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு மீராசா காக்காவை நாணல் பற்றைக்குள் எடுத்தார்கள். சுஹறா பிள்ளையை விடாமலே கிடந்தாள். அனுதாபக் கூட்டத்துக்கும் நான்தான் எழுதினேன்: ‘இயற்கையின் சீற்றத்தில் எம்மை முந்திச் சென்ற சகோதரர்கள்.’ சுஹறாவின் தாய் ஆமினா உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

தெரிந்துகொண்டே சாகவிட்டாய் என்கிறீர்கள். இல்லை, ஐயா. பழகிப்போன நாக்கு. வேறு விதமாகப் பேச எனக்கு வராது, அவ்வளவுதான்.

என் மச்சான் ஆதம்பாவாவா? ஓம், அவனும் கீழ்வட்டையில்தான் வாடி போட்டிருந்தான். அன்று காலையிலேயே சைக்கிளில் போய், “கட்ட வெட்டப் போறானுகள், மாட்டையும் விட்டுட்டு ஓடி வாடா” என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சொந்த மச்சானிடம் போய் மேடைப் பேச்சா பேசுவது, ஐயா?